பதினோராம் நாள் மாதிரியும் பதினான்காம் நாள் மருந்தும்

அனுப்புநர்:
மூத்த தொழில்நுட்பர், செல் வளர்ப்புப் பிரிவு,
உயிரி மருந்து ஆலை.

பெறுநர்:
மருந்துத் தர ஆய்வு அதிகாரி அவர்கள்.

பொருள்: மூட்டுவாத ஊசி மருந்தின் சர்க்கரைப் பரிசோதனை தவறான நாளில் நடப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் மருந்து ஒரு புரதம். தொட்டியில் வளரும் செல்கள் அதைச் செய்து, மேலே சர்க்கரைச் சங்கிலிகளைக் கோர்க்கின்றன. சங்கிலியின் நுனிச் சர்க்கரை இருக்கும்வரை மருந்து உடம்பில் தங்கும். அது உதிர்ந்தால் கல்லீரல் மருந்தைச் சீக்கிரமே அகற்றிவிடும்.

2. முன்பு பன்னிரண்டாம் நாள் தொட்டியைத் திறந்து மருந்தை எடுப்போம். பரிசோதனைக்கு மூன்று நாள் ஆகும். அதுவரை சரக்கு குளிர் அறையில் கிடக்கும். மாதிரியைப் பதினோராம் நாளே எடுத்தால் ஒரு நாள் மிச்சம் என்று யோசனை சொன்னவன் நான்தான். ஒரே நாளில் சர்க்கரை பெரிதாக மாறாது. அன்று முதல் எனக்கு 'மூளைக்காரர்' என்று பெயர்.

3. சென்ற ஆண்டு, கூடுதல் மருந்து கிடைக்கும் என்று திறப்பைப் பதினான்காம் நாளுக்குத் தள்ளினார்கள். மாதிரி நாளை யாரும் மாற்றவில்லை. தொட்டி திறக்கும் காலையில் அறிக்கை மேசையில் தயாராக இருந்ததால் எல்லோருக்கும் சௌகரியம், எனக்கும்தான். கடைசி நாட்களில் செல்கள் சாகும், அவற்றிலிருந்து கசியும் நொதி நுனிச் சர்க்கரையை நறுக்கும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

4. உறைக்க வைத்தவர் என் அக்கா. தையல்காரர். வாரம் ஒருமுறை இந்த ஊசிதான் போட்டுக்கொள்கிறார். ஏழு மாதமாக, ஊசி போட்ட ஐந்தாம் நாளே விரல் மடங்குவதில்லை. பித்தான் துளை தைக்கும் வேலையைத் திருப்பி அனுப்புகிறார். "என் தம்பி செய்யுற மருந்துடா, அதுல என்ன குறை இருக்கப் போகுது? எனக்குத்தான் வயசாகுது" என்கிறார். அக்காவுக்கு வயது நாற்பத்தாறு.

5. ஒருவரின் விரல் ஆதாரமாகாது என்பது தெரியும். ஆகவே பதினான்காம் நாள் மாதிரியைத் தனியாகப் பரிசோதித்தேன். நுனிச் சர்க்கரை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. மேலாளரிடம் காட்டினேன். "அறிக்கை அளவுக்குள்ளதானே இருக்கு, எதுக்குக் குடைஞ்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார். இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை. என் பரிசோதனை முடிவின் நகலை இணைத்துள்ளேன்.

6. ஆலையில் சேமித்துள்ள புட்டிகளைத் தாங்களே எடுத்துப் பரிசோதிக்க வேண்டுகிறேன். திறப்பைப் பழைய நாளுக்கே கொண்டுவந்து, திறக்கும் நாளிலேயே மாதிரி எடுக்க உத்தரவிட வேண்டும். மருந்தை அடியோடு நிறுத்திவிட வேண்டாம்; அக்காவைப் போன்றவர்களுக்கு நான்கு நாளாவது கை ஓடுகிறது. குறை மருந்து போட்டுக்கொண்டவர்களுக்கு விஷயம் சொல்லப்பட வேண்டும்.

7. இத்தகைய மனுக்களில் பெயரை ரகசியமாக வைக்கக் கோருவது வழக்கம். நான் கோரவில்லை. மாதிரித் தாள்கள் அனைத்திலும் இருப்பது என் கையெழுத்து. விசாரணையை என்னிடமிருந்தே தொடங்கலாம். ஞாயிறு வரை மட்டும் பொறுத்தருள வேண்டும். அக்காவிடம் நானே போய்ச் சொல்லிவிடுகிறேன்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மூத்த தொழில்நுட்பர்

இடம்: ஆலைக் குடியிருப்பு
நாள்: மார்ச் 9, வியாழன்