அது வெட்கக் கண்ணீர் இல்லை

சேலம்

அன்பு மகன் அக்மலுக்கு அம்மா ஷஹர்பானுவின் ஸலாம். அல்லாஹ் கிருபையில் நான், அத்தா, உன் தங்கை நிகத் மூவரும் சுகம். துபாய் வெயிலில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன்.

நிக்காஹ் நின்றது குடும்பத்துக்குத் தலைகுனிவு என்று கத்திவிட்டுப் போனை வைத்துவிட்டாய். மாப்பிள்ளை உன் சிநேகிதன், நீ பார்த்த இடம், வருத்தம் இருக்கும்தான். ஆனால் நடந்ததை என் வாயால் கேட்டுக்கொள். மண்டபம் நிறைய ஜனம், பிரியாணிக்குத் தம் போட்டாகிவிட்டது, சம்மதம் கேட்க உன் மாமா சாட்சிகளோடு பெண் அறைக்கு வந்தார். நிகத் குனிந்தபடி அழுதாள். உன் பெரியம்மா கௌசியா சிரித்துக்கொண்டே, பொண்ணு வெக்கப்படுறா, அழுதா சம்மதந்தானுங்க, போய் எழுதுங்க என்றாள். நம்மில் காலங்காலமாக அப்படித்தானே. என் அம்மா அழுததும் வெட்கம், கௌசியா அழுததும் வெட்கம், நான் அழுததும் வெட்கம். என் நிக்காஹ் அன்று எனக்கு இருந்தது பயம். எல்லோரும் வெட்கம் என்றதும் நானும் அப்படியே நம்பிவிட்டேன். அதனால்தான் மாமாவை நிறுத்தி, எதுக்குடி அழுவுறே, வாயைத் தொறந்து சொல்லு என்று கேட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு நாமக்கல் காலேஜுக்குப் போகக் கூடாது, நர்சிங் படிப்பு போதும் என்று மாப்பிள்ளை முந்தின நாள்தான் சொன்னாராம். எனக்கு இந்த நிக்காஹ் வேண்டாம்மா என்று சாட்சிகள் காதுபடச் சொன்னாள்.

அத்தா ஒரு வார்த்தை திட்டவில்லை. நேரே மேடைக்குப் போய், எம்பொண்ணு சம்மதிக்கலைங்க, மன்னிச்சிருங்க, எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போங்க என்றார். கேட்டது நல்லதாப் போச்சு என்று நிக்காஹ் ஓத வந்த ஹஜ்ரத் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் கோபித்துக்கொண்டு கிளம்பினார்கள், மற்ற ஜனம் அண்டாவில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. சாயங்காலம் கௌசியா என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்கும் அன்னைக்கு வெக்கமில்ல பானு, பயந்தான், யாராச்சும் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் என்று அழுதாள். நிகத்தை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. இப்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் கடைத்தெருவுக்குப் போய் வருகிறேன். நிகத் திங்கட்கிழமையே நாமக்கல் பஸ் ஏறிவிட்டாள்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, டீயைக் குறை. உன் ரிஸ்க், சம்பாத்தியம் எல்லாவற்றிலும் அல்லாஹ் பரக்கத் செய்வான். நிகத்துக்கு மறக்காமல் போன் பண்ணு. ஏன் அழுதாய் என்று நீயும் கேள், அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. பாதி உனக்குப் பயந்துதான் அழுதிருக்கிறாள்.

துஆவுடன்,
உன் அம்மா
ஷஹர்பானு