மரக்கடை வழியாக

பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டாலும் எனக்குச் சொல்லப் போவதில்லை. என்னோடு நேரிலும் பேசமாட்டேன், போனிலும் பேசமாட்டேன் என்று சொன்ன வார்த்தையை நாலு வருடமாகக் காப்பாற்றி வருகிறாய். கடிதம் வாங்கமாட்டேன் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. அதனால்தான் இதை உன் கடைக் காவலாளி மீசைக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். கையெழுத்து கோணலாக இருக்கும். ஏன் என்று உனக்குத் தெரியும்.

வெட்கத்தை விட்டு ஒரு உதவி கேட்கிறேன். உன் மருமகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் இருந்தால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு இலவச பஸ். எங்கள் தெருவிலிருந்து பெரிய சாலையைச் சுற்றிப் போனால் தாராளமாக இரண்டைத் தாண்டும். போன வருடம் வரை அப்படித்தான் அளந்தார்கள். இந்த வருடம் புதிதாக ஒரு அதிகாரி வந்திருக்கிறார். சக்கரம் வைத்த கோலை உருட்டிக்கொண்டே எங்கள் தெருவுக்கு வந்தார். உன் மரக்கடையின் பின்கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். அதற்குள் நுழைந்து முன்பக்கமாக வெளியே போய், பள்ளிக்கூட வாசலில் நின்று, "இரண்டுக்குக் கம்மி" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் பஸ் போய்விட்டது.

நான் விடியற்காலையிலேயே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நிற்க வேண்டும். உன் மாப்பிள்ளை லாரியை எடுத்துக்கொண்டு போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. இதுவரை பக்கத்து வீட்டு அக்கா பிள்ளையை வாசலில் நின்று பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். முழங்கால் வலிக்காரி, அவளால் அதற்கு மேல் நடக்க முடியாது. இனி ஆறு வயதுப் பிள்ளை தனியாக நடக்க வேண்டும், அல்லது நான் வேலையை விட வேண்டும்.

நீ எழுத வேண்டியது ஒரே வரி. "இது என் சொந்த இடம், பாதை அல்ல, பின்கதவைப் பூட்டி வைப்பேன்." அவ்வளவுதான். என் மேல் இருக்கிற கோபத்தைப் பிள்ளை மேல் காட்டாதே.

அன்புடன்,
உன் தங்கை


பிப்ரவரி 6

தங்கைக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். இரண்டு தடவை படித்தேன், அவ்வளவு இனிப்பாக இருந்தது.

நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டார் என் வீட்டைப் பார்க்க வந்தார்கள். வீட்டில் வேறு பெண் துணை இல்லையே என்று பழசை மறந்து உன்னையும் கூப்பிட்டிருந்தேன். மாடி அறைக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தேன். என் கையாலேயே கட்டில் செய்து போட்டிருந்தேன். நீ அந்தப் பெண்ணைச் சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். திரும்பி வந்தவள் அவள் அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். "என்னடி சொன்ன?" என்று கேட்டதற்கு நீ என்ன பதில் சொன்னாய்? "கேட்டா, சொன்னேன்." அன்றைக்கு ஆறின டீ இன்னும் என் தொண்டையில்தான் நிற்கிறது. அந்தக் கட்டிலில் இன்றைக்குவரை நான் ஒருவன்தான் படுக்கிறேன்.

உன் அதிகாரி இங்கேயும் வந்தார். "இது வழியா ஆளுங்க போகலாமா?" என்று கேட்டார். கேட்டார், சொன்னேன். சொன்னதோடு விடவில்லை, எழுதியும் கொடுத்தேன். நீயும் படித்து மகிழ இதோடு நகல் வைத்திருக்கிறேன்: "என் மரக்கடை வழியாகப் பொதுமக்கள் எந்தத் தடையும் இல்லாமல் நடந்து போகலாம். சிறு பிள்ளைகளுக்கு மிகவும் பாதுகாப்பான வழி. பின்கதவை ஒருபோதும் பூட்டமாட்டேன்." கீழே கையெழுத்து, கடை முத்திரை.

பிள்ளை நடக்கட்டும். காலுக்கு நல்லது.

உன் அண்ணன்


பிப்ரவரி 9

மரியாதைக்குரிய மரக்கடை முதலாளி அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் நகலும் கிடைத்தன. தங்கள் பெரிய மனசை எப்படிப் புகழ்வது என்றே தெரியவில்லை.

நகலைக் கையில் வைத்துக்கொண்டு தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினேன். "எங்க அண்ணன் எழுதியிருக்காரு பாருங்க, தடையே இல்லையாம்" என்றேன். எல்லோரும் தங்களை வாழ்த்தினார்கள். வரும் திங்கட்கிழமை முதல் தெருப் பிள்ளைகள் மொத்தமும் தங்கள் கடை வழியாகத்தான் வரும். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை. சலவைக்கூட மேஸ்திரி காலில் விழாத குறையாகக் கெஞ்சி மதிய ஷிப்டுக்கு மாறிவிட்டேன். காலையில் முன்னால் நடப்பது நான். சாயங்காலம் மற்ற அம்மாக்கள் முறை வைத்துக்கொண்டு வருவார்கள்.

அதிகாரியையும் பார்த்துவிட்டு வந்தேன். நல்ல மனிதர், எழுத்தில் இருப்பதை அப்படியே நம்புகிறவர். "பாதுகாப்பான வழின்னு அவரே எழுதிக் குடுத்திருக்காரே! அப்ப பிள்ளைங்க கடக்கிற நேரத்துல ரம்ப மெஷினை நிறுத்தி வைக்கணும், லாரியும் நகரக்கூடாது" என்றார். அந்த உத்தரவு தங்களுக்கு வந்து சேரும். பள்ளிக்கூடப் பாதை என்று ஒரு பலகையும் மாட்டுவார்களாம். மரம் தங்களிடமே இருக்கிறது, நல்ல தேக்காகப் பார்த்துக் கொடுங்கள்.

சமையலறையில் என்ன பேசினோம் என்று இத்தனை வருடம் கழித்துக் கேட்கிறாய், சொல்கிறேன். அவளுக்கு டீ ஆற்றிக் கொடுத்தேன். டம்ளரை நான் பிடித்த விதத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்த விரல் ஏன் மடங்க மாட்டேங்குது?" என்று கேட்டாள். நான் கல்யாணம் செய்துகொள்ள வீட்டை விட்டுக் கிளம்பி உன் கடை வழியாக வெளியேறிய அன்றைக்கு இதே பின்கதவை நீ என் கை மேல் அறைந்து சாத்தினாயே, அதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவளுக்கு அன்றைக்கு உண்மையைச் சொன்னதற்காக நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை.

திங்கட்கிழமை சந்திப்போம்.

தங்கள் பணிவுள்ள,
பொதுமக்களில் ஒருத்தி


பிப்ரவரி 25

ஏய்,

உனக்கு மனசு என்று ஒன்று இருக்கிறதா? காலையில் அரை மணி, சாயங்காலம் அரை மணி என் ரம்பம் ஊமையாகக் கிடக்கிறது. லாரிக்காரன் ஹாரனை அடித்து என் உயிரை வாங்குகிறான். ஒரு வாண்டு பலகையெல்லாம் சாக்பீஸால் பூனை வரைந்து வைத்திருக்கிறது. ஒரு வாண்டு மரத்தூள் குவியலைப் பார்த்தால் குதிக்காமல் போவதில்லை. நேற்று கதவுக்கட்டை வாங்க வந்தவர், "இது மரக்கடையா, பால்வாடியா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நீயோ மகாராணி மாதிரி முன்னால் நடக்கிறாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மீசைக்காரன் உனக்குச் சல்யூட் அடிக்கிறான்!

உன் பெண் என்னைக் "கதவு மாமா" என்று கூப்பிடுகிறாள். அதைக் கேட்டு மொத்தக் கும்பலும் அப்படியே கூப்பிடுகிறது. என் வேலையாட்களும் முதுகுக்குப் பின்னால் ஆரம்பித்துவிட்டார்கள்.

போதும். நாளைக்குப் பூட்டு வாங்கப் போகிறேன்.


பிப்ரவரி 25, மாலை

அண்ணா,

வாங்கு. பெரிய பூட்டாக வாங்கு. ஒருபோதும் பூட்டமாட்டேன் என்று முத்திரை குத்திக் கொடுத்தவன் நீ. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதற்கு நான் என்ன செய்ய?

அவள் எல்லோரையும் மாமா என்றுதான் கூப்பிடுவாள். நீ உண்மையிலேயே அவளுடைய மாமா என்று நான் இன்னும் சொல்லவில்லை. சொல்கிற மாதிரி நீ ஒன்றும் செய்யவில்லை.

தங்கை


மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

நலமா? மாப்பிள்ளை ஊரிலிருந்து வந்துவிட்டாரா? பாப்பா நலமா?

பூட்டினேன். மறுநாளே அதிகாரி வந்து, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார். வேலையாட்கள் எல்லோருக்கும் முன்னால் என் மூக்கு உடைந்தது. திறந்துவிட்டேன். அப்புறம் கையைக் காலைப் பிடித்துக் கேட்டதற்கு ஒரு வழி சொன்னார். இந்த வழியில் யாருக்காவது அடிபட்டிருந்தால், அடிபட்டவரே வந்து எழுதிக் கொடுத்தால், பாதுகாப்பில்லை என்று இந்தப் பாதையை நீக்கிவிடுவாராம். பழையபடி பெரிய சாலையைத்தான் அளப்பார். உங்கள் தெருவுக்கு பஸ் திரும்பி வரும்.

என் கடையில் இத்தனை வருடத்தில் அடிபட்டது ஒரே ஒருவருக்குத்தான். உனக்குத் தெரியும்.

தாளை நானே எழுதி வைத்திருக்கிறேன். "பலத்த காற்றில் பின்கதவு தானாகச் சாத்திக்கொண்டதில் என் வலது கை ஆள்காட்டி விரல் நசுங்கியது." நீ கையெழுத்து மட்டும் போட்டால் போதும். உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. யாருக்கும் தலைகுனிவு இல்லை. அன்றைக்குக் காற்று கொஞ்சம் இருக்கத்தான் செய்தது, யோசித்துப் பார்.

பாப்பாவுக்குப் படிக்க ஒரு மேசை செய்தேன். மீசைக்காரர் தூக்கி வருகிறார். முனையெல்லாம் வழவழப்பாக இழைத்திருக்கிறேன், கையில் சிராய்க்காது.

நான் அன்றைக்கு வேண்டுமென்று செய்யவில்லை. நீ போகிறாய் என்றதும் கண் தெரியவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 11

அண்ணா,

மேசையை மீசைக்காரரிடமே திருப்பி அனுப்பினேன். பாவம், சுமந்துகொண்டு வந்தவருக்கு ஒரு டீ கொடுத்தேன். அவர் முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனார்.

நீ எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அதிகாரியிடம் போனேன். பொய் சொல்லமாட்டேன், போகிற வழியெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பிள்ளைக்கு பஸ் வேண்டும். காலை ஷிப்டை எனக்காக இன்னும் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? ஒரு காற்றுதானே, அதன் மேல் பழியைப் போட்டால் அது வந்து சண்டை போடவா போகிறது? பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன். அந்த விரல் பேனாவின் மேல் படியாமல், எப்போதும்போல் நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அதையே பார்த்தார்.

"காத்துல இவ்வளவு வேகமா சாத்துமாம்மா?" என்றார்.

"காத்து இல்ல சார். எங்க அண்ணன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். அப்புறம், "அவரு இன்னும் அந்தக் கடையிலதான் இருக்காரா?" என்று கேட்டார்.

"அவர் கடைதான் சார். தினமும் இருப்பாரு."

"பிள்ளைங்க போகும்போதும்?"

"பிள்ளைங்க போகும்போதும்."

நீ எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு என்னையே எழுதச் சொன்னார். கோணல் எழுத்தில் ஒரு பக்கம் எழுதினேன். ஏழு வருடமாகச் சோற்றைப் பிசையும்போதும் பிள்ளைக்குத் தலை பின்னும்போதும் ஆஸ்பத்திரித் துணியைப் பிழியும்போதும் மனசுக்குள் எழுதி வைத்திருந்ததுதானே. தாளில் இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்தேன். மனசு நிறைந்திருந்தது. அதை உன்னிடம் மறைக்க எனக்கு விருப்பமில்லை.

உத்தரவு இன்றைக்கு வந்தது. உனக்கும் ஒன்று வந்திருக்கும். "இந்தப் பாதையின் உரிமையாளருடைய கோபத்தால் ஏற்கெனவே ஒருவர் நிரந்தரமாகக் காயமடைந்திருப்பதால், பிள்ளைகள் நடந்து செல்ல இப்பாதை தகுந்தது அல்ல." எங்கள் தெருவுக்கு பஸ் திங்கட்கிழமை முதல். இதே வாசகத்தைப் பலகையில் எழுதி உன் பின்கதவில் மாட்டுவார்களாம், ஆட்கள் தெரியாமல் நுழைந்துவிடக் கூடாது என்று. நான் கேட்டு வாங்கியது இல்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் கேட்டார், நான் சொன்னேன். அவ்வளவுதான் அண்ணா, அன்றைக்கும் இன்றைக்கும்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதியிருந்தாய். அதைக் காற்றுக்கு முன்னால் எழுதியிருந்தால் ஒருவேளை நான் வேறு மாதிரி யோசித்திருப்பேன். மேசையை அனுப்பாமல் நீயே ஒரு நடை வந்திருந்தாலும் யோசித்திருப்பேன்.

பஸ் உன் கடை முன்பக்கமாகத்தான் போகும். பாப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு "கதவு மாமா" என்று கையாட்டுவாள். அவள் ஆட்டுவதை நான் தடுக்கமாட்டேன். நீ பதிலுக்கு ஆட்டுவதும் ஆட்டாததும் உன் இஷ்டம். எனக்கு இனி கடிதம் எழுத வேண்டாம்.

நீ ஆசைப்பட்டபடி பின்கதவைப் பூட்டிக்கொள்ளலாம், இனி யாரும் கேட்கமாட்டார்கள். சாத்துவதற்கு முன்னால் மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள், யாருடைய விரலாவது இருக்கிறதா என்று.

இப்படிக்கு,
உன் தங்கை