லென்ஸில் இல்லாத அழுக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் நலம் என்று தொடங்குவதுதான் வழக்கம். இந்த முறை பாதி வரியோடு நிறுத்திக்கொள்கிறேன்: நான் நலம்.

ஆய்வகத்தில் மாற்றம் எதுவும் இல்லை. பக்கத்து மேசைக்காரர் இன்னும் மைக்ராஸ்கோப்பைச் சட்டை நுனியால்தான் துடைக்கிறார். மூக்குக்கண்ணாடிக்கும் அதே சட்டை. பாரபட்சம் இல்லாத மனிதர்.

உன் அக்காவுக்குக் கொஞ்ச நாளாகச் சோர்வு. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. காலில் நீலத் தடங்கள். "எங்கயாவது இடிச்சிருப்பேன், உங்க புஸ்தகத்துக்கு நடுவுல நடக்க இடம் இருக்கா?" என்று என்மேல் பழியைப் போட்டாள். ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துப்போனேன். அவள் ரத்தம் தடவிய ஸ்லைடு என் மேசைக்கே வந்தது.

அதில் இருக்கக்கூடாத செல்கள் இருந்தன. நான் உடனே செய்தது, மைக்ராஸ்கோப்பைத் துடைத்தது.

அழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. கண் வைக்கும் லென்ஸைத் திருகும்போது கூடவே சுற்றினால், அழுக்கு அதில். ஸ்லைடை நகர்த்தியும் அசையாமல் நின்றால், கீழ் லென்ஸில். ஸ்லைடோடு சேர்ந்து நகர்ந்தால், அதற்கு மைக்ராஸ்கோப் பொறுப்பல்ல.

ரப்பர் குமிழால் தூசியை ஊதினேன். லென்ஸ் பேப்பரைச் சுருட்டி, நடுவிலிருந்து விளிம்புக்குத் துடைத்தேன். மேல் லென்ஸைத் திருகினேன், அந்தச் செல்கள் சுற்றவில்லை. ஸ்லைடை நகர்த்தினேன்; நகர்ந்தன. மறுபடியும் துடைத்தேன்.

பக்கத்து மேசைக்காரரின் மைக்ராஸ்கோப்பில் யானையை வைத்தாலும் தெரியாது என்று வெகுகாலமாகக் கேலி செய்திருக்கிறேன். அதில் வைத்துப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது.

யாருடைய ரத்தம் என்று கேட்டார். என் வீட்டுக்காரியுடையது என்றேன். அவர் டிராயரைத் துழாவி, பிரிக்காத லென்ஸ் பேப்பர் கட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். தன் மைக்ராஸ்கோப்பை அழுத்தாமல், பொறுமையாகத் துடைத்தார். "இப்ப ஒரு தடவ பாருங்க சார்" என்றார். அப்படியொரு மரியாதையை அந்தக் கருவி அதுவரை கண்டதில்லை.

பார்த்தேன்.

டாக்டரும் பார்த்துவிட்டார். ரத்தப் புற்று என்கிறார். திங்கட்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கிறோம். பின்னால் அவளுக்கு வேறொருவருடைய எலும்பு மஜ்ஜை தேவைப்படலாம்; கூடப்பிறந்தவர்களுடையது பொருந்த வாய்ப்பு அதிகமாம். அவளுக்குக் கூடப்பிறந்தவன் நீ ஒருவன்தான்.

அவளிடம் ரத்தம் கம்மி என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பிக்கு எதையாவது எழுதி வைக்காதீங்க, பயந்துருவான்" என்றாள். எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

கிளம்பி வா. அவளிடம், லீவு சேர்ந்துவிட்டது, வந்தேன் என்று சொல். வாசலிலேயே, ஏன் இப்படி மெலிந்துவிட்டாய் என்று கேட்டுவிடாதே. அதை வழக்கம்போல அவள் உன்னைக் கேட்கட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எல்லாக் கடிதத்திலும் எழுதுகிறேன். பேனா அதுவாகவே எழுதிவிடும். இந்த முறை நான் எழுதுகிறேன்: உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
அத்தான்