சிவப்புத் துணி கட்டியிருந்த வயர்

என்னோடு சேர்ந்து நடந்து, எனக்கு முன்னால் போய்விட்ட மச்சான் சவரிமுத்துவுக்கு, சூசை சொல்லிக்கொள்வது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் ரீட்டா எழுதுகிறாள். உன் மூன்றாம் வருஷப் பூசைக்குக் கோயிலில் கொடுக்கிற தாளில் இதைப் போடப்போகிறார்களாம். "அப்பாவைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க மாமா" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல வார்த்தை எதுவும் வாயில் வரவில்லை மச்சான். பயம்தான் வருகிறது. அதையே சொல்கிறேன்.

பக்கத்து ஊர் மாதா கோயில் திருவிழா முடிந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்னும் சுவிட்சைத் தொட என் கை போகமாட்டேன் என்கிறது. உன் வீட்டில்தான் இருக்கிறேன், என் தங்கச்சி மேரி கையால் சாப்பிட்டுக்கொண்டு. விளக்குப் போட வேண்டுமென்றால் மேரியைக் கூப்பிடுகிறேன். "இந்த மைக் செட்டுக்காரரைப் பாரு, ஃபேன் போட ஆள் வேணுமாம்" என்று அவள் சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதலில் உனக்குச் சேதி சொல்ல வேண்டும். ரீட்டா சென்னை வேலையை விட்டு வந்துவிட்டாள். மேடைகளுக்கு ஸ்பீக்கர் அமைக்கிற கம்பெனியில் ஆறு வருஷம் இருந்தவள் அல்லவா, உன் மைக் செட்டைத் தூசி தட்டி எடுத்துவிட்டாள். பெண்பிள்ளை கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவதா என்று முதலில் ஊரில் பேசினார்கள். இப்போது அவளைத் தேடி மன்னார்குடியிலிருந்து ஆள் வருகிறது. நீ இருந்திருந்தால் ஆம்பிளிபயரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு தள்ளி நின்று பார்த்திருப்பாய்.

நம் முதல் வேலை ஞாபகம் இருக்கிறதா? அறுப்பு முடிந்த வயலில் பந்தல் போட்ட கல்யாணம். தஞ்சாவூரில் மூன்று சுருள் கறுப்பு வயர் வாங்கி, சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தாய். மைக்குக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, கரண்டுக்கு ஒன்று. வீட்டில் வைத்து இழுத்துப் பார்த்தபின் மூன்றையும் உள்ளங்கைக்கும் முழங்கைக்குமாகச் சுற்றிச் சாக்கில் திணித்தவன் நான். பந்தலில் கொட்டினால் மூன்றும் பின்னிக்கொண்டு கிடக்கிறது. பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து நின்றாயிற்று. நாம் இரண்டு பேரும் அரிதாள் குத்தக் குத்தத் தரையில் உட்கார்ந்து சிக்கெடுக்கிறோம்.

பெண்ணின் தாய்மாமன் வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, மைக் செட்டுன்னுட்டு மீன் வலையைக் கொண்டாந்திருக்கீங்க? எங்க குளத்துல தண்ணி வத்திப் போச்சேப்பா."

"வலை இல்லைங்க, வயருங்க. இப்பப் பாடும் பாருங்க" என்றாய் நீ.

பாடவில்லை. மைக் வயருக்குள்ளே கம்பி அறுந்திருந்தது. வெளியே ஒரு கீறல் கிடையாது.

மறுநாள் வைக்கோல் பிரி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாய். "மச்சான், இதை முறுக்குக்கு எதிரா சுத்துனா என்ன ஆவும்?"

"அவுந்து போவும்."

"அதே பக்கமா முறுக்கிக்கிட்டே போனா?"

"புடைச்சிக்கிட்டு அந்துடும்."

"வயருக்குள்ளயும் முறுக்கித்தான்டா வச்சிருக்கான். நீ முழங்கையில போட்டு அதைக் கொலை பண்ற."

அன்றிலிருந்து ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று கையை உள்பக்கம் திருப்பிக் கீழாக, இப்படி மாற்றி மாற்றிப் போட்டோம். குடத்துக்கு வைக்கிற பிரிமணை மாதிரி வட்டமாக நிற்கும். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு எறிந்தால் பந்தலின் அந்தக் கோடி வரைக்கும் ஒரு முறுக்கு விழாமல் ஓடும். அதைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள்.

சுற்றத் தெரிந்துகொண்டோம். வைக்கத் தெரியவில்லை. வயலில் கிடந்த நமக்குச் சாக்கு என்றால் நெல் சாக்குதான். காலியான சாக்கில் சுருள்களை அடுக்கிப் பரண்மேல் போட்டோம். எவ்வளவு உதறினாலும் சாக்கின் மூலையில் நாலு நெல் கிடக்கும். ஐப்பசியில் வயலில் தண்ணீர் நின்றதும் வரப்பு வளையிலிருந்து எலி வீட்டுக்கு ஏறும். அதற்கு நெல் வாசம் தெரியும். வயர் வாசமா தெரியும்? நீ இருந்தவரைக்கும் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டி, ஒவ்வொரு வயரையும் கையால் உருவிப் பார்ப்பாய். நீ போன வருஷம் நான் பரண் பக்கமே போகவில்லை.

அடுத்த வருஷம் இறக்கிப் பார்த்தால், நீ முதன்முதலில் வாங்கிய அந்தக் கரண்டு வயரில் நடுவாக ஒரு சாண் நீளத்துக்குத் தோல் இல்லை. செம்பு தெரிகிறது. அன்றைக்கே வெட்டிப் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. டேப் சுற்றினேன். திரும்பவும் பிரிமணையாகச் சுற்றி, மேரியின் பழைய சேலையில் ஒரு சிவப்புத் துண்டு கிழித்துக் கட்டினேன். மைக் வயருக்கு வெள்ளைத் துணி, ஸ்பீக்கருக்கு நீலம், கரண்டுக்குத் துணி கிடையாது. படிக்கத் தெரியாதவனுக்கு அதுதானே எழுத்து. சிவப்பு என்றால் தொடாதே என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் இருந்தேன் மச்சான்?

திருவிழா அன்று காலையில் கண் காட்டுவதற்காகத் தஞ்சாவூர் போயிருந்தேன். கண்ணில் மருந்து விட்டார்கள். எல்லாம் புகை மூட்டமாகத் தெரிந்தது. மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தபோது மேரி அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தாள். புகை மூட்டத்திலும் அந்தச் சிவப்பு என் கண்ணில் பட்டது.

"அந்தத் துணி எங்க கெடந்துச்சு?"

"உன் வயருலேருந்து ரீட்டா அவுத்துப் போட்டா. நல்லா இருக்கேன்னு எடுத்துக்கிட்டேன். பானை புடிக்கக்கூட உன்கிட்ட கேக்கணுமா?"

"வயரு எங்க மேரி?"

"காலையிலயே வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாளே."

சாக்கெல்லாம் வேண்டாம் என்று, மூடி போட்ட நீல டிரம் நாலு வாங்கி, எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கியிருக்கிறாள். எலி போகாது, ஈரம் போகாது, வண்டியில் உருளாது. என் கந்தல் துணிகளை அவிழ்த்துவிட்டு, ஒட்டிப் பிரிக்கிற பட்டை போட்டிருக்கிறாள். எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாள். அந்தச் சரியில்தான் என் சிவப்பும் அவிழ்ந்து போயிற்று.

போனில் அவள் படத்தை அமுக்கினேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்ப அமுக்கினேன். வாசலில் தூறல் போட்டது.

திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் ஏறினேன். உட்கார முடியவில்லை. முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "பெரியவரே, அந்தக் கம்பியைத் தள்ளுனா பஸ் வேகமாப் போவாது, உக்காருங்க" என்றார் கண்டக்டர். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் பயிர் தெரியாமல் தண்ணீர். எங்கே பார்த்தாலும் தண்ணீர். கொடி ஏறிவிட்டால் அந்தக் கோயில் மைதானத்தில் யாரும் செருப்புப் போடமாட்டார்கள், தெரியுமல்லவா? உன் மகளும் போடமாட்டாள். மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கு மேல் ஒரு செபமும் நினைவுக்கு வரவில்லை.

கோயில் நிறுத்தத்தில் இறங்கும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. கரண்டு ஓடுகிறது என்று அர்த்தம். ஓடினேனா நடந்தேனா தெரியாது. ரீட்டா மேடைக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்றாள்.

"நிறுத்து. மெயினை நிறுத்து."

"மாமா? நீங்க எதுக்கு வந்தீங்க? கண்ணுல மருந்து விட்டிருப்பாங்களே..."

"நிறுத்துடி மொதல்ல."

விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் வந்தார். "யாரும்மா இந்தப் பெருசு? சாமியார் வர்ற நேரத்துல நிறுத்து நிறுத்துங்குறாரு. வேற செட்டுக்காரன் அனுப்பி விட்டானா?"

"எங்க மாமாங்க" என்றாள் ரீட்டா. பிறகு என்னிடம் மெதுவாக, "பயப்படாதீங்க. கசிஞ்சா தானா அணைஞ்சு போற ட்ரிப்பர் பெட்டி வச்சிருக்கேன்" என்றாள்.

"மாட்டிட்டியா?"

அவள் வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். மழை வந்துவிட்டதே என்று அவசரமாக லைனை இழுத்திருக்கிறாள். பெட்டி இன்னும் வண்டியில் இருந்தது. போய் மெயினை அணைத்தாள்.

பாட்டு நின்றதும் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு அவர்கள் முகம் தெரியவில்லை. வயரும் தெரியவில்லை. மண்ணும் கறுப்பு, வயரும் கறுப்பு. குனிந்து கையால் உருவ ஆரம்பித்தேன். மேடையிலிருந்து ஜெனரேட்டர் வரைக்கும் முதல் வயர். ஒன்றும் இல்லை. கொடிமரத்துப் பக்கம் இரண்டாவது. ஒன்றும் இல்லை. ரீட்டா எனக்குப் பின்னாலேயே வந்தாள். மூன்றாவது, மாதா சிலை இருக்கிற கெபிக் குகைக்குப் போகிற வயர். பாதி தூரத்தில், பெண்கள் மெழுகுவர்த்தி வைக்க வரிசையாகப் போகிற பாதையில், ஒரு முழ அகலத்துக்குத் தண்ணீர்த் தேக்கம். அதன் ஓரம் வரைக்கும் உருவினேன். டேப்பு விரலில் தட்டுப்பட்டது. ஈரத்தில் ஊறிப் பாதி கழன்றிருந்தது. அதற்குக் கீழே கம்பி, ஊசி ஊசியாக. தண்ணீருக்கும் அதற்கும் நாலு விரல்கடைதான் இருக்கும்.

நான் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ரீட்டா குனிந்து பார்த்தாள்.

"இதுல நாலு தடவை தாண்டிப் போனேன் மாமா."

"சுருளைப் பிரிச்சுப் பாக்கலையாம்மா?"

"அவ்வளவு அழகா சுத்தியிருந்துச்சு. பிரிக்க மனசு வரல. எறிஞ்சேன், நேராப் போய் விழுந்துச்சு. கையில படவே இல்லை."

மச்சான், அதுதான் என்னை இன்னும் தூங்கவிடாமல் அடிக்கிறது. நான் மோசமாகச் சுற்றியிருந்தால் அவள் சிக்கெடுக்க உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு அடியும் அவள் கையில் வந்திருக்கும். கரண்டு வராத நேரத்திலேயே அந்தக் கடியைப் பார்த்திருப்பாள். நாம் இத்தனை வருஷம் பெருமைப்பட்ட கைவேலையே அதை மறைத்துக் கொடுத்திருக்கிறது.

"இதை ஏன் வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"உங்கப்பா வாங்குன மொதல் வயரும்மா."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அப்பா இருந்தா அன்னைக்கே வெட்டிப் போட்டிருப்பாரு" என்றாள். நிமிர்ந்து போய்க் கட்டிங் பிளேயரைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

வெட்டினேன். கடி இருந்த இடத்தை மட்டும் வெட்டி இணைத்துவிடலாம் என்று ஒரு புத்தி அப்போதும் சொன்னது. கேட்கவில்லை. யாரும் எடுத்து ஒட்டுப் போட முடியாதபடி முழ நீளத் துண்டுகளாக, அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் வெட்டினேன். நீ கேரியரில் கட்டிக்கொண்டு வந்த வயர். ரீட்டா ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக்கொண்டாள். கமிட்டிக்காரர் பக்கத்தில் வந்து பார்த்துவிட்டு, "நான் வண்டியிலேருந்து அந்தப் பெட்டியை எடுத்தாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

திருவிழா நல்லபடியாக முடிந்தது. சப்பரம் மழையிலேயே சுற்றி வந்தது. எல்லோரும் பாட்டுக் கேட்டார்கள். நான் கேட்கவில்லை, வயர் கிடந்த பாதையில் போகிற ஒவ்வொரு காலையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே டிரம் நாலையும் முற்றத்தில் கவிழ்த்தோம். இருபத்து மூன்று சுருள். அவள் ஒரு முனையில் மீட்டர் வைத்துப் பார்த்தாள், நான் கையால் உருவினேன். இன்னும் ஒன்றில் ஒரு சிறு பல் பட்டிருந்தது. அதையும் வெட்டினோம். இப்போது எந்த வயரும் தானாகச் சுருளுக்குள் போவதில்லை. உருவிப் பார்த்த பிறகுதான் போகிறது. எல்லாம் பார்த்தாயிற்று என்கிறாள் ரீட்டா. எல்லாம்தானா? என் விரல் மரத்துக்கொண்டு வருகிறது மச்சான். மரத்த விரல் எதையாவது தாண்டிப் போயிருந்தால்? இதைச் சொல்லும்போது அவள் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"இதையுமா போடணும் மாமா? படிக்கிறவங்க வேலை குடுக்க மாட்டாங்களே."

"போடு. மைக் செட்டுக்காரன் வீட்டுல யாராவது படிக்கட்டும். படிச்சிட்டுப் போயி சாக்கைக் கொட்டிப் பாக்கட்டும்."

எழுதுகிறாள்.

நீ இருக்கிற இடத்திலிருந்து அன்றைக்கு அவளைப் பார்த்தாயா? பார்த்துக்கொண்டு கத்த முடியாமல் நின்றாயா? உன்னைக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ வாங்கினாய், நீ தொட்டாய் என்பதற்காகக் கெட்டுப்போன எதையும் இனி உன் வீட்டில் வைக்கமாட்டேன். எனக்கு உடம்பில் தெம்பு இருக்கிறவரை, எந்த ஊர் வேலையானாலும், மெயின் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு வயரிலும் அவள் கை போகும் முன் என் கை போகும். என் விரலில் உணர்ச்சி போய்விட்டால் அன்றைக்கே, வெட்கப்படாமல், அதை அவளிடம் சொல்லிவிடுவேன்.

உன் மேரிக்கு அண்ணன்,
உன் மகளுக்குத் தாய்மாமன்,
சூசை