ஜீப்புக்கு வயிறு உப்புசம்

14 ஆகஸ்ட் 2025, வியாழன்

காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலை ஜீப்புக்கு அடியில் குனிந்து பார்ப்பதுதான். மருந்துப் பெட்டி அட்டை ஒன்றைப் பிரித்துப் பின் சக்கரங்களுக்கு நடுவே விரித்து வைத்திருக்கிறேன். இன்று அட்டையின் வலது ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெய். தொட்டு முகர்ந்தேன். கியர் ஆயில். அந்த நாற்றத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன்.

மறுபடியுமா?

சித்திரையில்தான் இலுப்பூர் அஜ்மல் பட்டறையில் பின் ஆக்சிலுக்கு ஆயில் சீல் மாற்றினோம். அதற்கு முன்னால் தையில் ஒருமுறை. ஆக்சிலுக்குள் இருக்கும் எண்ணெய் சக்கரத்துப் பக்கம் வராமல் தடுக்கிற ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான் அது. அதற்கும் இந்த ஜீப்புக்கும் என்ன பகையோ.

மற்றபடி இந்த வண்டியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அன்னவாசலில் மாட்டு கிளினிக் திறந்த வருடம் பழைய வண்டியாக வாங்கியது. ஏழு வருடத்தில் கிளட்ச் பிளேட் இரண்டு முறை, ரேடியேட்டர் ஒருமுறை, குவாரி ரோட்டில் உடைந்த ஸ்பிரிங் பட்டை, மழைக்காலம் வந்தாலே மக்கர் பண்ணும் செல்ப் மோட்டார். வயதான வண்டிக்கு வருவதெல்லாம் வந்தது. எஞ்சின் மட்டும் ஒருநாளும் என்னை நடுவழியில் விட்டதில்லை. நான் வைத்தியம் பார்க்கும் மாடுகளில் பாதி, கார் போகாத இடத்தில்தான் நிற்கின்றன.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கள்ளிக்காட்டுப்பட்டி மருதாயி வீட்டுச் சினைப்பசுவுக்கு வயிறு உப்புசம். பனம்பழத்தைக் கொட்டையோடு விழுங்கியிருக்கிறது. கொட்டை தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஏப்பம் விட வழியில்லாமல் இடது வயிறு முட்டிக்கொண்டு, தட்டினால் தவில் மாதிரி சத்தம். அழகியக்கா தலையைப் பிடித்துக்கொள்ள, வயிற்றில் ஊசிக்குழாயை இறக்கினேன். புஸ்ஸென்று காற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்கும் சேர்த்து மூச்சு வரும். பிறகு நிதானமாகக் கொட்டையை எடுத்தோம். மருதாயி அழுதுகொண்டே மோர் கொடுத்தாள்.

அழகியக்கா கிளினிக் திறந்த நாளிலிருந்து என்னோடு இருக்கிறார். எந்த மாடும் அவர் சொன்னால் நிற்கும். டாக்டரம்மா மட்டும்தான் சொல்பேச்சுக் கேட்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

23 ஆகஸ்ட், சனி

அமாவாசை. ஜீப்புக்குப் பூசை. எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் எல்லோரும் செய்வதுதான். அழகியக்கா அத்தோடு விடமாட்டார். சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, என் அட்டையிலேயே மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்விடுவார். இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து, கலிங்கு வழிந்து, பாதையை மறித்து ஓடிய தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டோம். ஜீப் உறுமி உறுமி எங்கள் இரண்டு பேரையும் கரையேற்றியது. அன்றைக்கு வேண்டிக்கொண்டதாம் இது.

"பொங்கலுக்கு மாட்டுக்குக் கொம்புல மட்டுமா பொட்டு வைக்கிறோம்? நம்மளச் சொமந்த வயிறுங்க இது" என்று பின் ஆக்சில் நடுவில் இருக்கும் உருண்டையைக் காட்டுவார். அதற்கு அவர் வைத்த பெயர் தொப்பை. அதைச் சுற்றிக் கைக்கு எட்டிய இடமெல்லாம் பொட்டு.

29 ஆகஸ்ட், வெள்ளி

வீட்டுக்கு வந்து இன்னும் செருப்பைக்கூடக் கழட்டல. எழுதினாலாவது மனசு அடங்குதான்னு பாக்கறேன்.

சித்தன்னவாசல் விலக்கு தாண்டி வளைவு. ஆடு மேய்க்கிற காத்தாயிக் கிழவி ஆட்டுக்கூட்டத்தோட ரோட்டுக்கு நடுவுல. பிரேக்கை மிதிச்சா வண்டி நிக்கல. ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகுது — காத்தாயி திரும்பிப் பாக்குது — ஓடக்கூடத் தோணாம அப்படியே நிக்குது. கருவேலம் புதருக்குள்ள இறக்கிட்டேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஓர் ஆட்டுக்குக்கூட. கடவுளே, நன்றி.

காத்தாயி கம்பை ஊன்றிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தது. "யாரு, டாக்டரம்மாவா? ஏந்தாயி இப்புடி வாரே?" என்றது. இறங்கிப் போய்ப் பின் சக்கரத்தைப் பார்த்தேன். சீலில் கசிந்த எண்ணெய் பிரேக் கட்டையில் இறங்கிவிட்டது. கசிவு ஆரம்பித்ததைப் பார்த்த பிறகும் ஓட்டிக்கொண்டு திரிந்தேனே.

31 ஆகஸ்ட், ஞாயிறு

கல்யாணமான இத்தனை வருடத்தில் வசந்த் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. இன்றும் உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வித்துரு பிரியா. திருச்சி பால் கம்பெனிக்காரங்க ஒன்னைய வேலைக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க, சரின்னு சொல்லிரு. அந்த அஜ்மல் ஒன்னைய நல்லா ஏமாத்துறாரு. மட்டமான சீலாப் போட்டு விட்டாத்தானே நீ திரும்பத் திரும்பப் போவே?"

அஜ்மல் அப்படிப்பட்டவர் இல்லை என்றேன். அப்படியானால் கசிவு ஏன் நிற்கவில்லை என்று கேட்டார்.

ஜீப் போனால் கள்ளிக்காட்டுப்பட்டிப் பக்கம் மழைக்காலத்தில் யார் போவார்கள்? காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை ஏ.சி. அறையில் பால் சாம்பிள் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? ஆனால் காத்தாயி முகம் கண்ணை விட்டுப் போகவில்லை. வசந்த் பயப்படுவதில் தப்பே இல்லை.

6 செப்டம்பர், சனி

சீல் மாற்றியாகிவிட்டது. பிரேக் கட்டையும் புதுசு. வண்டியை முந்தாநாளே பட்டறையில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அஜ்மல் முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்கே வெக்கமா இருக்கு மேடம். பாத்துப் பாத்து நல்ல சீலுதான் வாங்கிப் போடுறேன். ஆக்சிலையும் செக் பண்ணிட்டேன், நேராத்தான் இருக்கு. இந்தத் தடவ கூலி வேணாம்."

கூலியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். இவரைப் போய்ச் சந்தேகப்பட முடியுமா.

12 செப்டம்பர், வெள்ளி

அட்டையில் எண்ணெய்.

14 செப்டம்பர், ஞாயிறு

விராலிமலையிலிருந்து ஒருவர் ஜீப்பைப் பார்க்க வந்தார். வசந்த் ஏற்பாடு. சீல் கசிகிறது என்று நானே முதலில் சொல்லிவிட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப்போகிறாராம், கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கிப் பூ அலங்காரம் செய்து. அடுத்த ஞாயிறு வருவதாகச் சொன்னார்.

அழகியக்கா கிளினிக் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் போனதும், "கூரைய அறுப்பாரா?" என்று மட்டும் கேட்டார். மத்தியானம் சாப்பிடவில்லை.

18 செப்டம்பர், வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

தள்ளிப்போட முடியாத தடுப்பூசியைக் கள்ளிக்காட்டுப்பட்டியில் முடித்து, மெதுவாகவே ஓட்டி நேரே இலுப்பூருக்கு வந்தேன். விற்பதற்கு முன்பு பிரேக்கில் எண்ணெய் இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட ஆசை. வழக்கமாக வண்டியை விட்டுவிட்டு வந்துவிடுவேன், ஆறிய பிறகு மறுநாள்தான் அஜ்மல் கை வைப்பார். இன்று சுடச்சுட நிறுத்தினேன். எதிர்க்கடையில் டீ குடிக்க அழகியக்கா போனார்.

"உள்ள ஆயில் எவ்வளவு இருக்குன்னு பாத்துருவோம்" என்று அஜ்மல் அடியில் படுத்து, உருண்டையில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகினார்.

புஸ்.

நான் பட்டறைக்கு வெளியே நின்றிருந்தேன். அங்கிருந்தே எனக்கு அந்தச் சத்தம் தெரிந்தது. மருதாயி வீட்டுப் பசு.

"தம்பி, இது உப்புசம்!"

அஜ்மல் அடியிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்தார். எனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"வண்டி ஓடிச் சூடானா உள்ள காத்து விரியும்ல? அது ஏப்பம் விடுறதுக்கு வழி எங்க இருக்கு?"

"பிரீதர் இருக்கு மேடம். மூக்கு மாதிரி, ஆக்சிலுக்கு மேல..." சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார். மறுபடி உள்ளே போய்க் கையால் தடவினார். டார்ச் கேட்டார். நானும் புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடியில் போனேன்.

கட்டைவிரல் அளவு ஒரு குமிழ். அதன் மேல் மஞ்சளும் சிவப்புமாக அடுக்கடுக்காகக் காய்ந்து, கல்லாக இறுகிக் கிடந்தது. அஜ்மல் ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். அத்தனை கியர் ஆயில் நாற்றத்திலும் கமகமவென்று வந்தது சந்தனம்.

இரண்டு பேரும் படுத்தபடியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது.

"சீல் மேல தப்பில்ல மேடம். உள்ள இருந்து காத்து முட்டித் தள்ளுனா அது என்ன பண்ணும்? சேறுன்னு நெனச்சு நானும் தொடைக்காம விட்டுட்டேன் பாருங்க" என்றார். பிறகு டீக்கடைப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அக்காகிட்ட சொல்லாதீங்க. மனசு ஒடைஞ்சிரும்."

மூன்று முறை கெட்ட பெயர் வாங்கிய மனிதர், அந்தக் கெட்ட பெயருக்குக் காரணமானவருக்காக என்னிடம் கெஞ்சுகிறார். இப்படிப்பட்டவர்கள் நடுவில் என்னை வைத்ததற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது.

19 செப்டம்பர், வெள்ளி

அஜ்மல் அந்தக் குமிழைக் கழற்றிவிட்டு, அதே இடத்திலிருந்து நீளமாக ஒரு ரப்பர் குழாய் போட்டு, பின் சீட்டு உயரத்துக்கு மேலே கொண்டுபோய்க் கட்டிவிட்டார். சந்தனம் எட்டாது. தண்ணீரும் எட்டாது. சீலும் பிரேக் கட்டையும் மறுபடி புதுசு.

வசந்திடம் எல்லாம் சொன்னேன். "அஜ்மலப் பத்தி நான் அப்புடிப் பேசியிருக்கக் கூடாது" என்றார். விராலிமலைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனி வேலைக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. "ஒரு மழை போகட்டும். பிரேக் நிக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்." நியாயம்தான்.

21 செப்டம்பர், ஞாயிறு

அமாவாசை. "அடியில ஒரே சேறுக்கா, இந்தத் தடவ மேலோட பொட்டு வச்சா போதும்" என்று பொய் சொன்னேன். அழகியக்கா தரையைப் பார்த்தார். மழை பெய்து ஒரு வாரம் ஆகிறது. முன் கண்ணாடியில் பொட்டு வைத்துவிட்டுப் போனார்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. அஜ்மல் வருடா வருடம் பொரிகடலை வாங்கிக்கொள்ள வருவார். வந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அழகியக்கா சந்தனக் கிண்ணத்தோடு அடியில் போய்விட்டார். நானும் அஜ்மலும் திருதிருவென்று முழித்தோம்.

வெளியே வந்தார். கிண்ணத்தில் சந்தனம் அப்படியே இருந்தது.

"அந்தக் குழா எதுக்கு?"

"அது... தண்ணி உள்ள போகாம இருக்கக்கா" என்றார் அஜ்மல்.

"ஏழு வருசமா இவுங்க கூட உப்புசத்துக்கு மாடு புடிச்சவ நானு. எதுக்குக் குழா எறக்குவாங்கன்னு எனக்குத் தெரியாதா? அந்தக் குமிழு இருந்த எடத்துலதானே நான் எப்பவும் பொட்டு வைப்பேன்? நாந்தானே அடைச்சு வச்சேன்?"

மனது கஷ்டப்படக் கூடாதென்றுதான் சொல்லவில்லை என்றார் அஜ்மல். அழகியக்கா அழுதுவிட்டார்.

"என் மனசு கெடக்கட்டும் தம்பி! அன்னைக்கு காத்தாயி மேல ஏத்தியிருந்தா? என் சந்தனத்தால ஒரு உசுரு போயிருக்கும்ல? அத எனக்குச் சொல்லணுமா, வேணாமா? தெரியாம நான் அடுத்த வண்டிக்கும் போய் வச்சிருப்பேனே!"

அவர் சொன்னது சரி. கண்ணாடிப் பாத்திரம் மாதிரி அவரைப் பொத்திப் பொத்தி வைக்கப் பார்த்தோம். அவர் எங்கள் இரண்டு பேரையும்விடத் திடமானவர். "தப்புதான்க்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் சந்தனம்.

அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எங்க வைக்கலாம், எங்க வைக்கக் கூடாதுன்னு காட்டு" என்று அஜ்மலை அடியில் இழுத்துக்கொண்டு போனார். இப்போது நான்கு பாதங்கள் வெளியே தெரிந்தன.

28 அக்டோபர், செவ்வாய்

மூன்று நாளாக மழை. காலையில் மருதாயியிடமிருந்து போன். அதே பசு. கன்றின் ஒரு கால் வெளியே, மற்றது மடங்கி உள்ளே.

கலிங்குத் தண்ணீர் பாதையில் ஓடிக்கொண்டிருந்தது. கம்பால் ஆழம் பார்த்தோம், முழங்கால் அளவு. இழுப்பு அதிகமில்லை. போர் வீல் லீவரைப் போட்டு, முதல் கியரில் மெதுவாக இறக்கினேன். ஆக்சில் முழுகிவிட்டது. அழகியக்கா கண்ணை மூடிக்கொள்ளவில்லை, எட்டி எட்டிக் குழாயையே பார்த்துக்கொண்டு வந்தார். "மூக்கு மேலதாங்க இருக்கு. போங்க, போங்க."

கரையேறினோம். இறக்கத்தில் ஈரப் பிரேக்கை மிதித்து மிதித்து உலர்த்திப் பார்த்தேன். நேராக நின்றது.

கிடேரிக் கன்று. எழுந்து நின்று பால் குடித்துவிட்டது. வேறென்ன வேண்டும் எனக்கு.

30 அக்டோபர், வியாழன்

அஜ்மல் பின் ஆக்சில் எண்ணெயை இறக்கிப் பார்த்தார். தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது தேன் நிறத்தில் வந்தது. சூடான ஆக்சில் தண்ணீரில் முழுகும்போது உள்ளே காற்று சுருங்கி, அடைப்பில்லாத பழைய மூக்காக இருந்திருந்தால் தண்ணீரை உறிஞ்சியிருக்குமாம். குழாய் போட்டதால் தப்பித்தது.

"அப்ப என் பொட்டு வீண்போகல" என்றார் அழகியக்கா. "நான் அடைக்கலேன்னா நீ குழா போட்டிருப்பியா?"

அஜ்மல் கையெடுத்துக் கும்பிட்டார்.

வசந்தும் கூட வந்திருந்தார். அஜ்மலைத் தனியாக அழைத்துப்போய் ஏதோ பேசினார். திரும்பும்போது இரண்டு பேரும் ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "கம்பெனிக்கு நீயே போன் பண்ணி வேணாம்னு சொல்லிரு" என்றார்.

21 நவம்பர், வெள்ளி

நேற்று அமாவாசை.

காலையில் கதவைத் திறந்து, பழக்கத்தில் குனிந்து பார்த்தேன். அட்டையின் நடுவில் ஒரே ஒரு சொட்டு. மறுபடியுமா? விரலால் தொட்டு முகர்ந்தேன்.

சந்தனம்.