இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த வயர்

அன்புள்ள ரெமிக்கு,

அரிசோனா வெயிலில் நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய். இங்கே அப்பாவும் நானும் உயிரோடு இருக்கிறோம், வீடு சூடாக இருக்கிறது. நலம் விசாரிப்பு இத்தோடு முடிந்தது, ஏனென்றால் நான் கொதித்துப்போய் எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், மெசேஜ் அனுப்பினால் கட்டைவிரலைக் காட்டும் ஒரு படம் வரும். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது, முழுக்கப் படி.

செவ்வாய்க்கிழமை பெய்த பனிமழையில் பள்ளத்தாக்கு முழுக்கக் கரண்ட் போனது உனக்குத் தெரியும். புதன் மத்தியானம் உன்னைக் கூப்பிட்டபோது நம் விறகு பாய்லர் இருநூற்றைந்து டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிவிட்டது. உள்ளே மேப்பிள் கட்டைகள் கனகனவென்று எரிகின்றன, பம்ப் ஓடவில்லை, தண்ணீர் வீட்டுக்குள் வராமல் முற்றத்திலேயே கொதித்து மேல்குழாய் வழியாகப் புஸ் புஸ்ஸென்று பீய்ச்சுகிறது. இருபதடி தள்ளி வீட்டுக்குள் நாங்கள் கோட்டும் தொப்பியுமாக நிற்கிறோம், குழாய்கள் உறைய ஆரம்பித்துவிட்டன. பாய்லரை வைத்து வீட்டைச் சூடாக்குகிறவர்கள் பதினோராயிரம் பேர் இருக்கிற இணையக் குழுவில் நான் மூன்று வருஷமாக இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஜெனரேட்டரிலிருந்து தடிமனான ஒரு வயர் எடுத்து நேராகப் பம்புக்குக் கொடுத்தால் முடிந்தது! ஆனால் எங்கே கொடுப்பது? போன அக்டோபரில் நீ வந்தபோது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று பம்பின் ப்ளக்கை வெட்டி எறிந்துவிட்டு வீட்டு லைனோடு சேர்த்து முடுக்கிவிட்டுப் போனாய். ஜெனரேட்டருக்கு மாற்று ஸ்விட்ச் ஒன்று அடுத்த தடவை வைத்துத் தருகிறேன் என்றாய். அந்த அடுத்த தடவை இன்னும் வரவில்லை.

நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "அம்மா, ஒண்ணும் இல்ல, கராஜ் அலமாரில நான் பண்ணி வச்ச வயர் இருக்கு, ரெண்டு முனையிலயும் ப்ளக் இருக்கும், ஒண்ண ஜெனரேட்டர்ல சொருகு, இன்னொண்ண துணி உலர்த்துற மெஷின் சாக்கெட்ல சொருகு, மெயினை மட்டும் அணைச்சுரு, அவ்ளோதான், வைக்கிறேன்." வைத்துவிட்டாய். எப்போது மெயினைத் திரும்பப் போடலாம், போடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் வீட்டுக் காபி மெஷின் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது, மீட்டிங்காம்!

நீ சொன்னபடியே செய்தோம். பம்ப் ஓடியது, ரேடியேட்டர்கள் சூடாகின, அப்பா கைதட்டினார், நான் அதைப் படம் எடுத்துக் குழுவில்கூடப் போட்டேன், வெட்கம் கெட்டுப்போய். மூன்று மணி வாக்கில் வயலுக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் தெரியோ குடும்பத்தின் வீட்டில் விளக்கு எரிந்தது. கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்தேன். அவர்களும் ஜெனரேட்டர் ஓட்டுகிறார்கள் என்று தோன்றவே இல்லை. நம் வீட்டுக்கும் வந்திருக்கிறதா பார்ப்போம் என்று மெயினைப் போட்டேன். நான்தான் போட்டேன். ஜெனரேட்டரை நிறுத்தாமல். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுவிட்டு உருளைக்கிழங்கு சீவப் போனேன்.

நம் கம்பத்துக்கு அடுத்ததாகக் கம்பி அறுந்து கிடந்தது. அதைக் கட்ட ஏணி வண்டியில் மேலே ஏறியிருந்தது யார் தெரியுமா? ஆல்டன். உன்னோடு லைன்மேன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த ஆல்டன். நம் ஜெனரேட்டர் கரண்ட் பின்வழியாக வெளியே போய், கம்பத்து டிரான்ஸ்ஃபார்மரில் ஏழாயிரம் வோல்ட்டாக மாறி அவன் முன்னால் நின்றது. காலையில் அந்த லைன் செத்த லைன் என்று பார்த்து எழுதிவிட்டார்கள். காபி குடித்துவிட்டு வந்தவன், தொடுவதற்கு முன்னால் இன்னொரு தடவை சோதிக்கும் கம்பை நீட்டினான். கரண்ட் இருக்கிறது என்று அது அலறியது. அவ்வளவுதான் இடைவெளி. அவன் பெண்டாட்டி ஜோசேக்கு மார்ச்சில் மூன்றாவது பிறக்கப்போகிறது, ரெமி.

பனியில் வழுக்காமலிருக்க மாட்டிய முள்செருப்போடு நடந்து வந்தான். கதவைத் தட்டவில்லை, முதலில் ஜெனரேட்டரை நிறுத்தினான். "யாரு மெயினைப் போட்டது?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா "நான்தான்டா" என்றார். "இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்றதற்கு, "நானே யோசிச்சேன்" என்றார். ஆல்டன் அந்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான், "மாமா, நீங்க பல்பு மாத்தவே எங்கப்பாவக் கூப்பிடுற ஆளு. ப்ளக்குல பச்சை டேப் இப்படிச் சுத்துறது யாருன்னு எனக்குத் தெரியாதா?" அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபத்தெட்டு வயதில் உனக்காகப் பொய் சொல்லி மாட்டிக்கொண்டு நின்றார். அதை நான் பார்த்தேன். உன்னை நான் சுலபத்தில் மன்னிக்காமல் இருப்பது அதற்காகத்தான்.

வெள்ளிக்கிழமை கோழிக் குழம்பும் ப்ளோய் ரொட்டியும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். மெயினைப் போட்டது நான், அப்பா இல்லை என்று அவனிடம் சொன்னேன். "உங்க மேல எனக்குக் கோபம் இல்ல அத்த, உங்களுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். இந்த மாதிரி வயர் எத்தன பேரக் கொன்னுச்சுன்னு எங்களுக்கு ஒரு வாரம் பாடம் எடுத்தாங்க. அவன்தான் அதுல முதல் மார்க்கு" என்றான். என் பிள்ளை தெரியாமல் செய்துவிட்டான் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்தே செய்திருக்கிறாய். அம்மாவின் நச்சரிப்பு ஓய்ந்தால் போதும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறாய்! ஞாயிற்றுக்கிழமைதோறும் சீட்டு விளையாட வருகிற ஆல்டன் இந்த வாரம் வரவில்லை. அப்பா நான்கு நாற்காலி போட்டுவிட்டு ஒன்றைத் திரும்ப எடுத்து வைத்தார்.

பம்புக்குப் பழையபடி ப்ளக் வைத்தாயிற்று, எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துச் சரி என்றார். உன் வயரை நானே இரண்டாக வெட்டினேன். குழுவில் போட்ட படத்தின் கீழே நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன், என் பெயரோடு. உன் பெயரை எழுதவில்லை, அதை நீயே சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு, கடவுள் உன்னை நல்லபடியாக வைத்திருக்கட்டும், கோபத்திலும் அதைத்தான் கேட்கிறேன். ஆல்டன் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வருகிறான், உனக்கு அப்போது மூன்று மணி. கூப்பிடு. விளக்கம் சொல்லாதே, சாரி மட்டும் சொல். திட்டுவான், திட்டி முடிக்கிறவரை லைனில் இரு.

உன் அம்மா,
க்ளோடெட்