டைனோசரின் வாயிலிருந்து கைகாட்டியவளுக்கு

அன்புள்ள சுகந்திக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன். ஆனேக்கலில் அக்கா வீட்டில் எல்லோரும் சௌக்கியம்தானே? இங்கே மல்லேஸ்வரத்தில் தினமும் மழை.

மைசூர் ரோட்டில் எந்த போர்டைப் பார்த்தாலும் நீ நிறுத்தச் சொல்வாய். அன்றைக்குக் கண்ணாடி வீடு, மெழுகு பொம்மை, கடைசியில் அந்த சிமென்ட் டைனோசர். "பத்தே நிமிஷம்" என்று அதன் வயிற்றுக்குள் இருந்த படியில் ஏறினாய். எனக்கோ மேப் காட்டிய நேரத்துக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். அதன் வாயிலிருந்து நீ கைகாட்டியது எனக்குத் தெரியாது. இருபது கிலோமீட்டர் தாண்டித்தான் தண்ணீர் பாட்டிலுக்காகப் பின்னால் கையை நீட்டினேன். யாரும் கொடுக்கவில்லை. உன் கைப்பையும் போனும்தான் சீட்டில் இருந்தன.

திரும்பி வந்ததும், "தர்ஷினிதான் அம்மா ஏறிட்டாங்கன்னு சொன்னா" என்றேன். நீ அவளிடம், "நீயுமாடி?" என்று கேட்டாய். அன்று மாலையே அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாய்.

சுகந்தி, குழந்தை அப்படிச் சொல்லவே இல்லை. முன் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை எதுவும் கேட்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

இன்று காலை அவளுக்குத் தலை பின்னத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"அப்பா, நான் தூக்கத்துல அப்படி சொல்லிட்டேனா?"

"இருக்கும்மா" என்றேன்.

உன் வீட்டுக்காரன்